கண்ணாடியில் ஒட்டியிருந்த சளி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். மருமகள் புதிதாக மீன் தொட்டி வாங்கி வந்தாள். ஆறு தங்க மீன்கள், நாலு செடிகள். எனக்கோ டிவி சீரியலே மறந்து போச்சு. நாள் முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பத்தாம் நாள் கண்ணாடியின் உள்பக்கம் சளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதற்குள் புள்ளி புள்ளியாக வேறு. மீனுக்குச் சீக்கு என்று பயந்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் கெட்டால் சுண்ணாம்பு போடுவோமே, அந்த நினைப்பில் தொட்டியிலும் ஒரு கைப்பிடி போட்டேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒவ்வொன்றாகப் புரண்டன.

வயலிலிருந்து வந்த மருமகள் அலறினாள். “இன்னா அத்தே பண்ணி வச்சிக்கீறே?”

உயிரோடு இருந்த இரண்டை வாளித் தண்ணீரில் விட்டாள். தொட்டி விற்ற கடைக்காரருக்கு அந்தச் சளியைப் போனில் படம் எடுத்து அனுப்பினாள்.

“அது நத்தை முட்டை, ஆயா! செடியோட வந்துகீது. மீனை ஒண்ணும் பண்ணாது” என்று அவர் போனில் என்னிடமே சொன்னார்.

இப்போது கண்ணாடியில் எது ஒட்டினாலும் முதலில் கடைக்காரருக்குப் படம் போகிறது. அவர் பதில் சொல்லும்வரை தொட்டியில் கை வைக்க மாட்டேன். மிஞ்சிய இரண்டும் இரை போடும் என் கையைக் கண்டதும் துள்ளி வருகின்றன. சுண்ணாம்பு போட்ட கையும் இதுதான் என்று அவற்றுக்குத் தெரியாது.