எழுத்துப் போடும்போது

படங்களின் முடிவு எனக்கு நினைவில் நிற்பதில்லை. தொடக்கம் மட்டும்தான் நிற்கிறது. அலை பின்வாங்கியதும் ஈர மணலில் எழுத்து தெரியும் ஒரு படம். சுவரில் தொங்கும் கைவிலங்கு மெல்ல ஆடும் இன்னொரு படம். ஒன்றில் ரயில் நம் மேல் ஏற வருவதுபோல் வந்து நிற்கும், புகை கலையக் கலையப் பெயர்கள் வரும். எழுத்துப் போட்டு முடிந்ததும் நான் வெளியே போய் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதுதான் என் வேலை. கதை என்ன ஆயிற்று என்று நான் யாரையும் கேட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் இடுக்கி எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பில் பதினாறு எம்.எம். மெசினைக் கொண்டுபோய்ப் படம் காட்டும் ஒரு கம்பெனியில் இருந்தேன். பிறந்தது பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரம். மலையாளப் பள்ளியில் நாலு வகுப்பு. தமிழ் எழுத்தை பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும் பழகினேன். செக்போஸ்ட் பக்கம் லாரிக்குச் சுமை ஏற்றினேன், கல்பாத்தியில் கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு அண்டா தேய்த்தேன். எங்கேயும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை.

மழைக்காலத்தில் மைதானத்தில் திரை கட்ட முடியாது. ஒரு எஸ்டேட்டில் மட்டும் தொழிற்சாலையின் மேல்மாடியைத் தருவார்கள். மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், கொழுந்து வாட்டும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படம் போடுவோம். முதலில் சென்சார் சர்டிபிகேட் வரும். கூட்டத்துக்கு அதில் தேவையானது ஒரே விஷயம், எத்தனை ரீல் என்பது. நான் பார்த்துக் கத்துவேன். பதினேழு என்றால் விசில். பதிமூன்று என்றால் ஆபரேட்டரின் குடும்பத்தையே இழுப்பார்கள்.

அங்கே கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி, எழுத்துப் போடும் வரை மட்டும் இருப்பாள். முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். இரண்டாம் மாதம் என்னிடம் வந்தாள்.

"தம்பி, ரீலு எண்ணிக்கையத்தான் வாசிப்பீகளா, பேரையும் வாசிப்பீகளா?"

"யார் பேரு, அக்கா?"

அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி செய்த ஆசாரி. மெட்ராசுக்குப் போய் ஸ்டுடியோவில் செட்டு போடும் தச்சு வேலையில் சேர்ந்தான். 'படத்தில் என் பேர் வரும், பார்' என்று ஒரே ஒரு கடிதம். பிறகு ஒன்றுமில்லை. போன சித்திரையில் அங்கே சாரம் சரிந்து மலைநாட்டு ஆசாரி ஒருவன் செத்தான் என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய அண்ணன் அதை நம்பிவிட்டான். தாலியைக் கழற்றச் சொல்லி, வேறு எஸ்டேட்டில் பெண்டாட்டி செத்த ஒரு கங்காணிக்குத் தை மாதம் அவளைக் கட்டிவைக்கப் பேசி முடித்திருந்தான்.

"பேரு வந்துட்டா அவுக இருக்காகன்னுதானே அர்த்தம்? எங்கண்ணனும் வாயடைச்சுப் போவான்" என்றாள். கடிதத்தை மடியிலிருந்து எடுத்துக் கையெழுத்தைக் காட்டினாள். ஊர்ப் பெயரும் சேர்த்துப் போட்டிருந்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த வடிவத்தை விரலால் வரைந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். 'தச்சு வேலை' என்று வருவதற்குள் நான் ஒப்பனைக்காரரிடம் மாட்டிக்கொண்டிருப்பேன். ஆபரேட்டர் சிரிப்பார்.

"ஏண்டா, நீ எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள அங்க சண்டையே வந்துருமாட்டிருக்குது. அந்தம்மிணி பாவம்டா."

கார்த்திகையில் ஒரு ராஜா படம். மழை விடவில்லை, மாடியில்தான் போட்டோம். திரைச்சீலை ஒவ்வொன்றாக விலக, ஒவ்வொன்றிலும் பெயர். தச்சு வேலை. முதலில் ஊர்ப் பெயர் வந்தது. எனக்கு முன்பே அவள் எழுந்து நின்றுவிட்டாள். நான் கத்தினேன்.

"ஏ, நம்ம பொட்டி ஆசாரிடா!" என்றான் ஒருவன்.

"டீப்பொட்டிக்கு ஆணி அடிச்சவன் அரமணை கட்டியிருக்கான் பாரு!"

"அதான் கதவு ஆடுது!"

அன்றுதான் அவள் முழுப் படத்தையும் பார்த்தாள். நானும் வெளியே போகாமல் வாசலில் நின்றேன். நடிகர்களை அவள் பார்க்கவில்லை. ராணி அழும்போது, பின்னால் இருந்த தூணைக் காட்டிப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அவள் அண்ணன் பாதியில் எழுந்து போய்விட்டான். தை மாதப் பேச்சு நின்றது.

மறுநாள் வேறு எஸ்டேட்டில் அதே படம். ரீல் எண்ணிக்கையைக் கத்திவிட்டு, ஏனோ அன்று சர்டிபிகேட்டின் அடிப்பக்கம் பார்த்தேன். தேதி இருந்தது. இலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். சாரம் சரிந்ததாகச் சொன்ன சித்திரைக்கு ஒன்றரை வருடம் முந்தைய தேதி. டவுன் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிறகுதானே மலைக்குப் படம் வரும். எனக்கு அது தெரியாததல்ல. தெரிந்ததை யோசிக்கவில்லை. அதன்பின் அந்த மாதம் முழுக்க, எஸ்டேட் எஸ்டேட்டாக அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேட்டரிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத. செத்தானா இருக்கறானான்னு நமக்கென்ன தெரியும்?" என்றார்.

மார்கழியில் மறுபடி போனோம். அக்கா தூக்குச்சட்டியில் எனக்குக் கப்பைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அது பழைய படம். அந்தச் சித்திரைக்கு ஒண்ணர வருசம் முந்தி எடுத்தது."

தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி மூடினாள்.

"எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கங்காணிக்கு இன்னும் பொண்ணு அமையலையாம். நேத்துக்கூட ஆளு விட்டிருக்கான்." தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உள்ள போங்க தம்பி. எழுத்துப் போடப் போறாக. சத்தமா வாசிங்க."

அவள் அண்ணன் பின்சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றான். கிணற்றில் வாளி இறங்கும் காட்சியோடு படம் தொடங்கியது. கயிறு ஓட ஓடப் பெயர்கள். தச்சு வேலை என்று வந்தது. கீழே யாரோ ஒருவரின் பெயர், இரண்டே சொல்.

நான் அவள் புருஷனின் பெயரை வாசித்தேன். ஊர்ப் பெயரோடு, தடுமாறாமல்.

முன்னால் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும். மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவுக்கு அந்த வடிவம் தெரியும், அது இதுவல்ல என்பதும் தெரியும். திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பெயர்கள் முடிந்ததும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அண்ணனும் பின்னாலேயே போனான்.

அப்படி ஏழு மாதம் வாசித்தேன். மலையாளப் படமாக இருந்தாலும் வாசித்தேன். அக்காவும் நானும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. கிழங்கு மட்டும் கொண்டுவருவாள்.

ஆடியில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மலையாளக் கரையில் மீன் லாரிக்கு ஆள் வேண்டும் என்றார்கள், இறங்கிவிட்டேன். ஆபரேட்டர், "அந்தம்மிணிக்கு என்னடா சொல்றது?" என்று கேட்டார். சாமான் மூட்டையைக் கட்டிக்கொண்டே, புதிதாக வரும் பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்டா. ஏழாவது வரைக்கும் படிச்சிருக்கறான். தப்பில்லாம வாசிப்பான்" என்றார்.