எஞ்சினுக்குத் திருநீறு பூசிய சனிக்கிழமை

என் மோட்டார் சைக்கிள் ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நான் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கறுப்புச் சொட்டு. மறுநாள் பக்கத்தில் இன்னொன்று.

"ஏங்க, வண்டிக்கு வயசாயிருச்சு போல. அடக்க முடியல, பாவம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு அதற்கு இன்ஸ்பெக்‌ஷன். எண்ணெய் ஒழுகினால் ஃபெயில். ஃபெயிலானால் ரோடு டாக்ஸ் கட்ட விடமாட்டார்கள், அதுவும் அந்த வாரத்தோடு முடிகிறது. நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். தீவின் கிழக்கே பிடோக் பக்கம் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் ரயில் ஓடாத நேரத்திலும் போய் நிற்க வேண்டும். வண்டி இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கிற போல்ட்டில்தான் சொட்டு தொங்கியது. முறுக்கினேன், தொங்கியது. புது வாஷர் போட்டேன், அப்போதும் தொங்கியது. சனிக்கிழமை காலை மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. மேலேருந்து வழிஞ்சு வரும். எஞ்சினை நல்லாத் தொடச்சிட்டு, பவுடர் தூவி, ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. பவுடர் எங்க நனையுதோ அங்கதான் ஓட்டை."

"நீங்க வந்து பாக்க முடியாதா?"

"திங்கக்கிழமை வாங்கண்ணே."

வீட்டில் பவுடர் டப்பா காலி. சாமி அலமாரியில் பழனியிலிருந்து வந்த திருநீறு பெரிய பொட்டலமாக இருந்தது. "முருகா, விளையாட்டுக்கு இல்லப்பா. வயித்துப்பாடு. எங்க ஒழுகுதுன்னு நீயே காட்டு" என்று கும்பிட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். மனைவியிடம் சொல்லவில்லை.

துடைத்த எஞ்சினில் தூவத்தான் நினைத்தேன். ஆனால் நாற்பது வருஷமாகத் தினமும் பூசுகிற கை. திருநீற்றை எடுத்ததும் மூன்று விரலும் தானாக நீண்டு, வலது பக்கம் அழகாக ஒரு பட்டை போட்டுவிட்டது. சரி என்று மீதி இடத்திலும் வெள்ளையாக அப்பினேன்.

மூன்றாம் மாடி அம்மா அந்த நேரம் பார்த்து மார்க்கெட்டிலிருந்து வந்தார். கோயில் குளம் என்று இருக்கிறவர். வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"புது வண்டியா தம்பி?"

"இல்லம்மா, பதினாலு வருஷமாச்சு."

"அப்ப அறுபதாங் கல்யாணம் மாதிரி ஏதாச்சுமா?"

நான் எண்ணெய், ஓட்டை என்று ஆரம்பிப்பதற்குள் மார்க்கெட் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் வெளியே வந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கப்பட்டுவிட்டது. ரொட்டிப் பையோடு வந்த சீனக் கிழவர் ஒருவரும் நின்று, கை இரண்டையும் சேர்த்து மூன்று தடவை ஆட்டினார். இத்தனை பேர் கும்பிடும்போது இது டெஸ்டிங் என்று எப்படிச் சொல்வது? பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். புளோக்கை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

வண்டியை நிறுத்தி, போன் வெளிச்சத்தோடு குனிந்தேன். எனக்கு முன்னால் அந்த அம்மாவின் விரல் எஞ்சினுக்குப் போய்விட்டது.

"ஸ்ஸ்... சாமி சூடா இருக்கு" என்றபடி ஒரு வழி வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

அழிந்தது என் சாட்சி. கோபத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். அவர் நெற்றியில் வெள்ளைக்கு நடுவே பளபளவென்று கறுப்பாக ஒரு கோடு.

"அம்மா! எங்க தொட்டீங்க?"

"சாமியத்தான் தம்பி."

"சாமியில எந்த இடம்மா?"

ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்று பயந்துபோய், எண்ணெய் ஊற்றுகிற மூடிக்குக் கீழே விரலைக் காட்டினார். அங்கிருந்துதான் மெல்லிசாக ஈரம் இறங்கி அடி போல்ட் வரை போயிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த வெள்ளை. மூடியைத் திருகி எடுத்தேன். அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கருவாடு மாதிரி காய்ந்து, ஓரிடத்தில் விண்டிருந்தது. அவ்வளவுதான் நோய். அந்த அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் பதிலுக்கு வண்டியைக் கும்பிட்டார்.

அதற்குள் மனைவி இறங்கி வந்துவிட்டாள். பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிஷ்யூவை எடுத்து அந்த அம்மாவின் நெற்றியைத் துடைக்கப் போனாள்.

"திருநீறைத் துடைக்கக் கூடாதும்மா" என்று அவர் கறுப்புக் கோட்டோடேயே லிஃப்டுக்குப் போனார்.

ஓட்டையில் துணியை அடைத்துவிட்டு, மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். டோபி காட் ஸ்டேஷனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, பின்தெருவில் தெரிந்த ஹார்டுவேர் கடை. கடைக்காரச் சீன அம்மா, மணப்பெண்ணுக்கு மோதிரம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வளையமாக மூடிக்குப் போட்டுப் பார்த்தார். ஏழாவது சரியாக இருந்தது. திரும்பி வந்து மாட்டி, மறுபடி ஓட்டி, டிஷ்யூவால் தொட்டுப் பார்த்தேன். சொட்டு இல்லை.

அவசரமாகத் துடைத்தேன். திருநீறும் எண்ணெயுமான அந்தத் துணியை மனைவி குப்பையில் போடவும் விடவில்லை, துவைக்கவும் விடவில்லை. இன்றுவரை அது ஒரு பையில் கட்டிக் கிடக்கிறது. என்ன செய்வதென்று கோயிலில் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு மலாய்த் தம்பி டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் இடுக்கில் விரலை விட்டு எடுத்தார். வெள்ளை.

"அங்கிள், இது என்ன?"

"பவுடர்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

பாஸ் என்று பேப்பரைக் கொடுத்துவிட்டார். கேட் வரைதான் போக முடிந்தது. வழி காட்டிய சாமியைப் பவுடர் என்று சொல்லிவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து திரும்பிப் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில், அது பவுடர் இல்லை, எங்கள் கோயில் சாம்பல், நான் பொய் சொல்லிவிட்டேன், வேண்டுமானால் இன்னொரு தடவை பாருங்கள் என்றேன்.

அவர் என்னையும் என் நெற்றியையும் பார்த்தார்.

"எண்ணெய் ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப பாஸ்தான்லா அங்கிள். போங்க, பின்னால ஆளு நிக்குது."

மறுநாள் காலை, முதல் ரயிலுக்கு முன்பே, பிடோக்கில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தது. போனேன்.