ஒரு குறையும் இல்லை

பத்திர அலுவலக வாசலில் மனு அடித்துக் கொடுப்பவள் அவள். எல்லாருக்கும் டைப்பிங் அக்கா. ஒரு எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். "யாரு பாக்கப்போறாங்கக்கா?" என்றால், "நான் பாத்துட்டேனே" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை பொய் எழுதினாள்.

கணவருக்கு நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையானபோது, ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தாள். கடைக்காரர் தங்கமான மனிதர். தானே மூன்று மாடி சுமந்து வந்து பொருத்தினார். ஆனால் மெஷின் இரண்டு தடவை ஓசையில்லாமல் நின்றது. அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், உதடு நீலம் பாய்வதைப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள். பிறகு நோய் முற்றித்தான் அவர் போனார். மெஷினைத் திரும்ப எடுக்க வந்த கடைக்காரர், "ஃபோன்ல நம்ம கடையப் பத்தி ரெண்டு வரி நல்லதா போட்டுவிடுங்கம்மா" என்றார். இழவு வீட்டில் என்ன வாக்குவாதம்? 'அருமையான மெஷின். ஒரு குறையும் இல்லை' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து, வாரிசு சான்றிதழுக்கு மனு அடிக்க ஒரு பெண் வந்தாள். அப்பா இறந்திருந்தார்.

"எப்படிம்மா?"

"வாடகை ஆக்சிஜன் மெஷின்க்கா. நின்னதே தெரியல. நாங்க சமையல்கட்டுல இருந்தோம். ஒரு குறையும் இல்லன்னு யாரோ எழுதியிருந்தாங்க, நம்பிட்டோம்."

கடை எதுவென்று கேட்டாள். அதே கடை. அக்கா அடிப்பதை நிறுத்தினாள்.

"எழுதினது நான்தாம்மா. எங்க வீட்டுலயும் ரெண்டு தடவ நின்னுச்சு."

அந்தப் பெண் கத்தவில்லை. "அத ஒரு வரி போட்டிருந்தா, யாராவது ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருப்போமேக்கா" என்றாள். பாதி அடித்த மனுவை விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கே பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள் அக்கா. மாடி ஏறிச் சுமந்ததையும் எழுதினாள், மணி அடிக்காததையும் எழுதினாள். இரண்டாம் நாள் கடைக்காரர் வந்து நின்றார்.

"உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேம்மா?"

"நீங்க நல்லவர்தான். அதையும் போட்டிருக்கேன்."

"நூறு பேர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்களே, எல்லாம் பொய்யா?"

"அவங்களும் என்னை மாதிரி வாய மூடிட்டவங்களா இருப்பாங்க."

கடைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, வியாபாரம் நடக்கிறது. அவள் மட்டும் மருந்துக்கடை, லிஃப்ட், கிளினிக் என்று எதைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி ஃபோனில் எழுதுகிறாள். அக்கம்பக்கத்தில் 'குறைசொல்லி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

போன மாதம், மெஷினைப் பற்றி அவள் எழுதியதன் கீழே யாரோ போட்டிருந்தார்கள்: 'இதப் படிச்சதுலேர்ந்து அம்மா பக்கத்துலயே படுத்துக்கறேன். நேத்து மெஷின் நின்னுச்சு. உடனே பிளக்கப் புடுங்கி மாட்டிட்டேன்.'

படித்துவிட்டு அழுதாள். மனுவைப் பாதியில் விட்டுப்போன அந்தப் பெண்ணிடம் காட்டலாமா என்று தோன்றியது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு காட்டுவது?