டெல்மிராவின் ஐந்தாவது மரம்

டெல்மிரா யுயாரிமா அகுவாஹே என்னும் காட்டுப்பனையின் பழம் விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். நௌட்டா சாலையில் பஸ் நிற்கும் திருப்பத்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் அவள் அலுமினியத் தட்டம் வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறிய பழத்தின் சிவந்த செதில்களைக் கட்டைவிரல் நகத்தாலேயே உரித்து, ஆரஞ்சுச் சதை தெரிய அடுக்கி, ஓரமாக ஒரு கும்பா உப்பும் வைத்திருப்பாள். வாங்க வரும் ஆண்களை மட்டும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பாள். அதிகம் தின்றால் இடுப்பு பெருத்துப் பெண்ணாகிவிடுவார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. "உனக்கு நாலு போதும்யா. வீட்ல கேட்டா நான் பதில் சொல்ல முடியாது" என்பாள். பஸ்ஸே சிரிக்கும்.

பழம் கொண்டுவருவது அவள் கணவன் ரோமுலோ. சதுப்புக் காட்டில் குலை தள்ளிய அகுவாஹேப் பனை முப்பது மீட்டர் உயரம் நிற்கும். அதில் யார் ஏறுவது? கோடரியால் சாய்த்துக் குலையை அறுத்துக்கொண்டு வருவார்கள். ரோமுலோவின் அப்பா அப்படித்தான் செய்தார், ஊரே அப்படித்தான் செய்தது. குலை தள்ளுவது பெண்மரம் மட்டும் என்பதால் கோடரி விழுந்ததெல்லாம் பெண்மரத்தின் மேல். கல்யாணமான புதிதில் அரைமணி நடையில் கிடைத்த பழத்துக்கு, கடைசிப் பிள்ளை பள்ளிக்குப் போகிற காலத்தில் இரண்டு நாள் படகில் போக வேண்டியிருந்தது. பக்கத்துச் சதுப்பில் மிச்சம் நின்றவை ஆண்மரங்கள்தான்.

அந்த வருஷம்தான் டெல்மிரா வீட்டுக்குப் பின்னால், எப்போதும் நீர் கசியும் பள்ளத்தில், ஐந்து கன்று நட்டாள். உருண்டை விதை பெண்ணாகும், நீட்டு விதை ஆணாகும் என்று கேள்விப்பட்டு, ஒரு கூடையைக் கவிழ்த்து உருண்டையாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். எதிர்வீட்டுக் காசில்டா டெல்மிராவின் மூத்த மகனுக்கு ஞானத்தாய். அந்த உரிமையில் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அகுவாஹேய நடுறவங்கள நான் பாத்ததே இல்லடி. அடுத்து என்ன, மழைய நடப் போறியா?"

டெல்மிரா குடத்துத் தண்ணீரைக் கன்றின் தூரில் கவிழ்த்தாள்.

எட்டாவது வருஷம் முதல் மரம் பாளை விட்டது. ஆண். அடுத்தது ஆண். மூன்றாவதும் நான்காவதும் அதேதான். கொத்துக் கொத்தாகத் தொங்கிய ஆரஞ்சுப் பூக்களில் தேனீ மொய்த்து, அந்த மாதம் முழுக்க வீட்டின் பின்புறம் ரீங்காரமாகவே இருந்தது. ஆனால் சந்தையில் பூவை யார் வாங்குவார்கள்? பஸ் திருப்பத்தில் அவளிடம் நான்கு மாப்பிள்ளைகளைப் பற்றி நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். தினமும் ஊரைச் சிரிக்க வைத்தவளுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தபோது தாங்கவில்லை.

ரோமுலோவுக்கு அந்தப் பள்ளத்தின் மேல் வேறு கணக்கு இருந்தது. நகராட்சி மீன்குஞ்சு இலவசமாகக் கொடுத்தது, குளம் தோண்ட பொக்லைனும் அனுப்பியது. நீர் ஊறும் இடம் வேண்டும், அவ்வளவுதான். டிசம்பர் முதல் வாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, மரங்களை என்ன செய்யலாம் என்று கேட்டான். ஆண்மரம் என்றால் அங்கே எல்லாரும் செய்வது ஒன்றுதான். வெட்டிச் சாய்த்து அழுக விட்டால் இரண்டு மாதத்தில் தண்டுக்குள் கட்டைவிரல் பருமனில் சூரிப் புழு வைக்கும். குச்சியில் குத்திச் சுட்டால் ஊரே கூடி வாங்கும்.

வெட்டு என்று டெல்மிராதான் சொன்னாள். கோடரி அவனுடையது, சொல் அவளுடையது. ஐந்தாவது இன்னும் பாளை விடாததால் தப்பியது. டிசம்பருக்குள் அது பெண் என்று காட்டிக் காய் பிடித்தால் பள்ளம் அவளுக்கு, இல்லாவிட்டால் குளத்துக்கு என்று பேச்சு முடிந்தது. சூரி ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. அவள் மட்டும் அதில் ஒன்றுகூடத் தின்னவில்லை.

அக்டோபரில் ஐந்தாவது பாளை விட்டது. குட்டைக் காம்புகளில், மிளகு மாதிரி, செதில் வைத்த பிஞ்சுகள். டெல்மிரா ஏணியில் நின்றபடியே ரோமுலோவைக் கூப்பிட்டாள். அவன் அண்ணாந்து பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"பொண்ணேதான்" என்றான்.

பத்தே நாளில் பிஞ்சுகள் கறுத்து உதிர ஆரம்பித்தன. காலையில் கூட்டினால் மாலையில் மறுபடி ஒரு முறம் கிடந்தது. அவள் சாம்பல் போட்டாள், புகை போட்டாள். எறும்பு என்றாள் காசில்டா. மண்ணில் ஏதோ கோளாறு என்றான் ரோமுலோ. ஒரு பிற்பகல் டெல்மிரா மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்புறம் அமைதியாக இருந்தது. இத்தனை அமைதி போன வருஷம் இல்லையே என்று தோன்றியபோதுதான் வெட்டிய நான்கு அடிக்கட்டைகளும் அவள் கண்ணில் பட்டன. சதுப்பில் ஆண்மரம் எப்போதும் காடாக நின்றதால் அதன் பூம்பொடி இல்லாமல் பெண்மரத்தில் காய் நிற்காது என்று அங்கே யாரும் யோசித்ததே இல்லை.

இன்னொரு பாளை வெடிக்கத் தயாராக இருந்தது. பொக்லைன் வர மூன்று வாரம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஒரு ஆண்பூங்கொத்து வேண்டும், சதுப்பில் ஏறிப் பறிக்க வேண்டும் என்று ரோமுலோவிடம் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மரத்துக்கிட்ட நான் என்னிக்குப் போனேன்? மரந்தான் எங்கிட்ட எறங்கி வரும்."

"அப்படி எறங்கி வந்துதான் ஒரு பொம்பள மரம் மிச்சம் இல்ல. நீ ஏறலேன்னா நான் ஏறுறேன் கெழவா. பாவாடையோட ஏறுறத ஊரு பாக்கட்டும்."

காசில்டாவின் மருமகன் பழம் பறிக்க மரம் ஏறும் பயிற்சிக்குப் போனவன். அவனிடம் இடுப்புவாரும் கயிற்று மிதியும் இரவல் வாங்கினார்கள். மறுநாள் காலை சதுப்பில் இருப்பதிலேயே குட்டையான மரமாகத் தேடி ரோமுலோ ஏறினான். பாதியில் நின்று மூச்சு வாங்கினான்.  கீழே டெல்மிரா, இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சொல்லும் தன்னுடையதுதானே என்று நினைத்துக்கொண்டு, கயிறு தேய்கிற சத்தத்தையே கேட்டபடி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஓடையில் ஒரு படகு வந்தது. உள்ளே இரண்டு பழவெட்டிகள்.

"ரோமுலோ, ஆம்பள மரத்துல என்னப்பா பறிக்கிற?"

மேலிருந்து மூச்சிரைக்க ரோமுலோவின் குரல் வந்தது.

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறேன்."

படகு போகும் வரை சிரிப்புக் கேட்டது. டெல்மிராவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்தத் தடவை அவளைக் குத்தவில்லை.

பூங்கொத்தை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பெண்பாளைக்குள் தொங்கவிட்டாள். தினமும் காலை தட்டத்தோடு சாலைக்குப் போகுமுன் ஏணியில் ஏறிப் பூம்பொடியை உதறினாள். இரண்டாம் தடவையும் ரோமுலோ சதுப்புக்குப் போய்வந்தான், கேட்காமலே. பிஞ்சு கொஞ்சம் உதிரத்தான் செய்தது. மீதி நின்றது.

பொக்லைன் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து நின்றது. ஓட்டுநர் இஞ்சினை அணைக்காமல் எங்கே தோண்ட என்று கேட்டான். ரோமுலோ ஏணியில் ஏறிக் கொத்துக்குள் கைவிட்டு ஒரு காயைப் பிடித்து இழுத்தான். கொண்டைக்கடலை அளவுக்குத் திரண்டு, செதில் பளபளத்தது. கையோடு வரவில்லை. இன்னொன்றை இழுத்தான். டெல்மிராவுக்கு அவன் கையைத் தட்டிவிடலாம் போலிருந்தது.

"விடு, அறுத்துரப் போற" என்றாள்.

அவன் இறங்கி வந்து, வீட்டுக்கு அந்தப் பக்கம் தான் பத்து வருஷமாகப் பார்த்து வளர்த்த வாழைத்தோட்டத்தின் நடுவில் போய் நின்று, காலால் ஒரு கோடு கிழித்தான். அங்கே நீர் ஆழத்தில்தான் ஊறும், குளம் சின்னதாகத்தான் வரும் என்று ஓட்டுநர் எச்சரித்தான். சின்ன மீன் வளர்த்துக்கொள்கிறேன் என்றான் ரோமுலோ.

இயந்திரம் திரும்புவதற்குள் டெல்மிரா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். தோண்டுமுன் எடுத்தால் எட்டு வாழைக்கன்றாவது தேறும்.