புதன்கிழமை காருக்குள் கதைத்தது

மேடையில் எனக்கு மூச்சு நின்றபோது சபை கை தட்டியது. பிழை சபையில் இல்லை. கலியாண வீடுகளில் மைக் பிடித்துப் பகிடி விடுகிறவன் நான். வார நாட்களில் கந்தோர் ஒன்றில் கோப்புகளுக்கு நடுவில் இருந்தாலும், ஊர் என்னை அறிவது சனி ஞாயிறுகளில்தான். பெண்ணின் தகப்பனை மேடைக்கு அழைக்க முன் ஒரு பகிடி, கேக் வெட்ட முன் ஒரு பகிடி, பந்தி பிந்தினால் நாலு பகிடி. அன்றைக்குப் பந்தி பிந்தியிருந்தது. மூன்றாவது பகிடியின் நடுவில் யாரோ என் நெஞ்சின் மேல் ஒரு நெல்லு மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன், காற்று வரவில்லை. கண் பிதுங்கியது. மைக்கை விட்டுவிட்டுக் கை கழுத்துச் சால்வையைப் பிடித்தது.

"உவன் என்ன நடிப்பு நடிக்கிறான் பார்!" என்று முன்வரிசையில் ஒருவர் தொடையில் அடித்துச் சிரித்தார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. என் மனைவியும் தட்டினாள். நான் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் போய், சோடாப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து, இப்போது செத்துப்போவேன் என்று காத்திருந்தேன். சாகவில்லை. பந்தி தொடங்கிவிட்டது என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அது சொல்லாமல் கொள்ளாமல் வரத் தொடங்கியது. கந்தோரில் ஒருமுறை. தலைமயிர் வெட்டுகிற கடையில் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியபோது இன்னொரு முறை. பாதி வெட்டோடு எழும்பி ஓடிவந்துவிட்டேன். அதைப் புது ஸ்டைல் என்று நினைத்து இரண்டு பேர் கடை எது என்று விசாரித்தார்கள். டொக்டர் இரத்தம் எடுத்தார், நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பார்த்தார், கடைசியில், "இதயம் நல்லாத்தான் இருக்குது. நீங்கள் உளவளத்துணையாளர் ஒராளோடை இருந்து கதைக்க வேணும்" என்று துண்டு எழுதித் தந்தார்.

அந்தத் துண்டோடு நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசையாக இருக்கிற வாங்கில் போய் இருந்திருக்கலாம். ஆனால் மைக் பிடிக்கிறவனுக்கு இந்தக் குடாநாட்டில் முகத்தை ஒளிக்க இடமில்லை. அந்த வாங்கில் நான் குந்தினால், என் முறை வருவதற்குள் கனடாவிலிருந்து அண்ணை போன் எடுத்து, "என்னடா உனக்கு?" என்று கேட்பார். அண்ணை கனடா, அக்கா லண்டன். நான் அரியாலை. வீட்டுக்கு ஒருவர் மிஞ்ச வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாரும் போய் முடிந்த பிறகு பார்த்தால் மிஞ்சியிருந்தது நான். வீட்டைப் பார்ப்பது, அம்மாவைப் பார்ப்பது, வீடியோவில் வருகிற எல்லாரையும் சிரிக்கவைப்பது, இவை என் பொறுப்புகள். முதல் இரண்டிலும் பிழை விட்டிருக்கிறேன். மூன்றாவதில் ஒருநாளும் விட்டதில்லை.

அதனால் ஒன்லைனில் தேடினேன். மட்டக்களப்பில் இருந்து ஒரு பெண், முறையாகப் படித்து அனுமதிப்பத்திரம் பெற்றவர், புதன்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஐம்பது நிமிடம் தரலாம் என்றார். முதலில் ஒரு படிவம் வந்தது. பெயரும் வயதும் சுகமாகப் போயின. 'அவசரத்தில் யாருக்கு அறிவிக்க வேண்டும்?' என்ற இடத்தில் கை நின்றது. மனைவியின் இலக்கத்தை எழுதினால் மனைவிக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் இலக்கத்தையே எழுதி அனுப்பினேன்.

அவர் அதை விடவில்லை. முதல் நாளே கேட்டார்: "உங்களுக்கு ஏதும் அவசரமென்டா நான் உங்களையே கூப்பிடுறதா?"

"ஓம் மிஸ், எனக்குக் கிட்ட எப்பவும் நான்தான் இருப்பன்."

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய அதிர்ச்சி.

இடம் இன்னொரு பிரச்சினை. எங்கள் வீட்டில் அறைகளுக்குக் கதவு உண்டு, பகலில் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே காய்ச்சல், இல்லாவிட்டால் சண்டை. ஆகவே காரைத் தெரிவுசெய்தேன். பழைய சின்னக் கார். பின்சீற்றில் ஒலிபெருக்கிப் பெட்டிகள். கடல்நீரேரிப் பக்கம் போகிற ஒழுங்கையின் முடிவில் நிறுத்தி, யன்னல்களை ஏற்றிவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன். ஏசி வேலை செய்யாது. மூச்சு முட்டுகிறதைப் பற்றிக் கதைப்பதற்கு நான் தேடிக் கண்டுபிடித்த இடம் அது.

முதல் நாள் பத்துப் பன்னிரண்டு பகிடி விட்டேன். நல்ல சாமான்கள், மண்டபங்களில் தோற்காதவை. அவர் கேட்டார்: "நீங்க பகிடி சொல்லாத நேரம் என்ன செய்வீங்க?"

"அடுத்த பகிடியை யோசிப்பன் மிஸ்."

அவர் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். மைக் பிடிக்கிறவனுக்கு மௌனம் என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். நான் போனைத் தட்டிப் பார்த்தேன். "லைன் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர்.

இரண்டாவது புதன் நடந்ததை நான் இதுவரை எந்த மேடையிலும் சொல்லவில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போது, நீரேரிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த இரண்டு பேர் என்னைக் கண்டுவிட்டார்கள். யன்னல்கள் மூடிய கார், உள்ளே வேர்த்து வழிகிற மனிதன். இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார்கள்.

"என்ன தம்பி, காரிலை பிழையோ?"

இல்லை என்று கையை ஆட்டினேன். எங்கள் ஊரில் கையை ஆட்டினால் அதற்கு மறுப்பு என்று பொருளில்லை, மரியாதை என்று பொருள்.

"பாவம், வெக்கப்படுறார். பிடி மச்சான், தள்ளுவம்."

அந்தக் காரின் கைப்பிரேக் பேருக்குத்தான். கார் நகரத் தொடங்கியது.

"உங்களுக்குப் பின்னால மரமெல்லாம் போகுது," என்றார் மிஸ்.

"ஓம் மிஸ். ரெண்டு பேர் தள்ளுகினம்."

"யார் அவங்க?"

"தெரியாது மிஸ்."

"வேண்டாமென்டு சொல்லலாம்தானே?"

"உதவியெல்லோ செய்யினம். அதை எப்பிடிச் சொல்லுறது?"

அவர் கேட்டார்: "இதுக்கு முதல் எங்கயும் இப்பிடி இருந்திருக்கிறீங்களா? வேண்டாமென்டு சொல்ல ஏலாம, மத்த ஆக்கள் தள்ளுற பக்கம் போய்க்கொண்டு?"

நான் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை, முகமெல்லாம் தண்ணீர். வெளியே இரண்டு பேரும், "திறப்பைத் திருப்பு தம்பி, திருப்பு!" என்று கத்தினார்கள். பழுதில்லாத காரை அழுதுகொண்டு ஸ்டார்ட் பண்ணினேன். அவர்களுக்குப் பெரிய சந்தோசம். அவர்களுடைய மனம் நோகக்கூடாதென்று கொஞ்சத் தூரம் ஓட்டியும் காட்டினேன்.

மூன்றாவது புதன் மிஸ் ஒரு வேலை தந்தார். "வீட்டில ஒராளுக்கு நீங்க சொல்லோணும். ஒரு வசனம் போதும். பகிடி இல்லாம." நான் வாயைத் திறக்க முன் தொடர்ந்தார்: "நான் எவ்வளவு தூரத்தில இருக்கன், பாருங்க. உங்களுக்கு ஏதும் நடந்தா நான் யாரைக் கூப்பிடுறது? அடுத்த புதனுக்குள்ள அந்தப் படிவத்துக்கு ஒரு மனுசரின்ட இலக்கம் வேணும். இல்லாட்டி ஒன்லைனில தொடருறது பாதுகாப்பில்ல. உங்கட ஊரிலயே நேரில பார்க்கிற ஒராளுக்கு உங்கள மாத்திவிட வேண்டி வரும்."

அதாவது அந்த ஆஸ்பத்திரி வாங்கு.

வியாழக்கிழமை மனைவி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். "எனக்கொரு வருத்தம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் உண்மையாகவே பயம். "என்ன வருத்தம்?" அந்தப் பயத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "உம்மைக் கட்டினதுதான்" என்று வாய் தானாகச் சொன்னது. இலை உருவின முருங்கைக் கெட்டால் எறிந்தாள்.

சனிக்கிழமை அண்ணை வீடியோவில் வந்தார். "அண்ணை, எனக்குக் கொஞ்ச நாளா மூச்சு..." என்று தொடங்கினேன். "டேய், அதை இஞ்சையும் எல்லாரும் கலியாண வீடியோவிலை பாத்திட்டினம்! அந்த மூச்சு நிண்டுபோற மாதிரி நடிப்பைத் திருப்பிச் செய்யடா, பிள்ளையளுக்குக் காட்ட வேணும்." போனின் அந்தப் பக்கம் நாலு தலைகள் நெருங்கி வந்தன. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிச் செய்து காட்டினேன். இரண்டு தரம்.

புதன்கிழமை கந்தோரால் கொஞ்சம் முந்தி வந்தேன். படலையைத் திறக்கும்போதே தும்மல் வந்தது. குசினிக்குள் அம்மா பெரிய தாச்சியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் மல்லி, சீரகம், மிளகு எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தது. எங்கள் வீட்டில் இந்த அளவுக்குத் தூள் வறுப்பது ஆராவது பிளேன் ஏறும்போது மட்டும்தான். அண்ணைக்கு வறுத்தவ. அக்காவுக்கு வறுத்தவ.

"ஆர் அம்மா போகினம்?"

"மூண்டு கிலோ காணுமோ மோனை? அங்கை விக்கிற தூளிலை உறைப்பே இல்லையாம்."

"எங்கை?"

"நீ போற இடத்திலை."

நடந்தது இதுதான். என் போனில் வந்து கிடந்த படிவத்தை மனைவி அரைகுறையாகக் கண்டிருக்கிறாள். ஒப்புதல், கையொப்பம், அனுமதிப்பத்திர இலக்கம். அதோடு, நான் புதன்கிழமை யன்னலை மூடிக்கொண்டு காருக்குள் இருந்து போனில் ஒரு பெண்ணோடு கதைத்ததாக, காரைத் தள்ளிய இரண்டு பேரும் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் சேர்ந்தால் எங்கள் ஊரில் இரண்டு முடிவுகள்தான் வரும்: ஒன்று கள்ளத் தொடுப்பு, மற்றது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி. என் மூஞ்சியைத் தெரிந்த அம்மா ஏஜென்சி என்று முடிவெடுத்துவிட்டா.

"அம்மா, நான் ஒரு இடமும் போகேல்லை."

"கொண்ணையும் கனடா போக முதல் அப்பிடித்தான் சொன்னவன்." அகப்பை ஒரு கணமும் நிற்கவில்லை. அழவில்லை, மறிக்கவில்லை. கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு இந்த வீட்டில் இருப்பதற்கு ஆயத்தமாகிவிட்ட முகம். நான் இத்தனை வருடமாக அம்மாவுக்காகத்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ, நான் எப்போது போவேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறா.

வாசலில் மனைவி நின்றாள். "போய்ப் பிறகு என்னைக் கூப்பிடுறதோ, இல்லையோ? அதையாவது வாய் திறந்து சொல்லுங்கோ."

குசினி முழுக்கப் புகை. மூன்று பேரும் இருமினோம். மணி நாலரை. நெஞ்சின் மேல் மூட்டை வந்து இறங்கியது.

"எனக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

"செத்தல் வறுத்தா எல்லாருக்கும்தான் முட்டும்" என்றா அம்மா.

"இல்லை அம்மா. மேடையிலை முட்டினது. கந்தோரிலை முட்டினது. அதைப் பற்றித்தான் அந்தப் பிள்ளையோடை கதைக்கிறன். அவ ஏஜென்ற் இல்லை. உளவளத்துணையாளர். எனக்குச் சுகமில்லை."

அம்மா அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. "பிறகு?" என்றா. வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. வாசலிலும் அதே சிரிப்பு. இருவரும் பகிடியின் வாலுக்காகக் காத்து நின்றார்கள். அவர்களை அப்படிப் பழக்கினது நான்தான்.

"பிறகு ஒண்டுமில்லை. அவ்வளவுதான்."

அப்போதும் காத்திருந்தார்கள். முதலில் விளங்கியது மனைவிக்கு. உள்ளே வந்து அடுப்பை நூர்த்தாள். "அண்டைக்கு மண்டபத்திலை..."

"ஓம்."

"நான் கை தட்டினனான்."

"எல்லாரும்தானே தட்டினவை."

"நான் தட்டினனான்" என்று திரும்பவும் சொன்னாள். பிறகு வெளியே போனாள். பட்டப்பகலில் படலைக்குப் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கதவடியில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பிள்ளைக்கு என்ரை நம்பரைக் குடுங்கோ. ஆனா முதல்லை எங்களுக்குச் சொல்லுங்கோ."

அம்மா கதிரை ஒன்றை இழுத்து எனக்கு முன்னால் போட்டு, அதில் தான் இருந்தா. எனக்குப் பின்னால் சூடு ஆறாத தாச்சி. வாசலில் மனைவி. தப்பிப் போக இடமில்லை. தொண்டைக்குள் மூன்று பகிடிகள் முட்டிக்கொண்டு நின்றன, மூன்றும் நல்லவை. விழுங்கினேன். அவர்கள் இருவரும் இப்போது சிரிக்கவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"முதல்லை நெஞ்சிலைதான் தொடங்கும்" என்றேன்.