வழிகாட்டி வேண்டாம் என்ற லவான்

விஸ்கான்சின் வடக்கில் நவம்பர் கடைசி என்றால் மான் வேட்டை. கல்யாணம், கருமாதி எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஜாஸ்ட்ரோ குடும்பத்தில் அந்த வேட்டைக்கு ஒரு முறை உண்டு. சதுப்பு நிலத்தின் அந்தக் கரையில் நாலு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் இந்தக் கரையிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் கத்திக்கொண்டே நடந்து மான்களை அவர்கள் பக்கம் கலைத்துவிட வேண்டும். பதினாறு வயதிலிருந்து அந்த ஒருத்தர் லவான்தான். முப்பது வருடமாக அவள் கலைத்துவிட, மற்றவர்கள் சுட்டு, கொம்பைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டார்கள்.

2014 ஜனவரியில், அண்ணன் டெல்மர் வீட்டுச் சமையலறையில் வைத்து லவான் சொன்னாள்.

"அக்டோபர்ல கொலராடோ போறேன். எல்க் வேட்டைக்கு. தனியா."

எல்க் என்பது குதிரை உயரம் நிற்கும் மான். டெல்மர் காபியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"வழிகாட்டி கூட இல்லாமயா?"

"அரசாங்கக் காடுதானே. யார் வேணா போகலாம்."

"போகலாம். திரும்பி வரணும்ல? இங்க பாரு லவான், உனக்கு நல்லா நடக்கத் தெரியும். இல்லைன்னு சொல்லல. வேட்டை வேற."

வேறு யாராக இருந்தாலும் அந்தக் காபி அவன் தலையில் கொட்டியிருக்கும். லவான் பால் டேங்கர் ஓட்டுகிறவள், பனியில் சறுக்கும் லாரியைப் பார்த்தே பதறாதவள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. தன் தலையால் யோசித்து, தன் காலால் போய், யாருடைய கையையும் பிடிக்காமல் ஒரு வேட்டை. அது தன்னால் முடியுமா என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சாப்பாட்டு மேசையில் வரைபடம்தான் கிடந்தது. தட்டு வைக்க இடமில்லை, நின்றுகொண்டே தின்றாள். எல்க் எங்கே மேயும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்றுதான் எல்லாரும் தேடுவார்கள். லவான் மனிதர்களைத் தேடினாள். வண்டியை எங்கே நிறுத்துவார்கள், எந்தச் சரிவில் ஏறுவார்கள், எத்தனை தூரத்தில் மூச்சு வாங்கி உட்காருவார்கள். அத்தனை பேர் கீழிருந்து ஏறினால் மிருகம் எந்தப் பக்கம் நழுவும் என்பது அவளுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்திருந்த ஓர் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டாள். கொலராடோ வன அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"அங்க பாதையே கிடையாதும்மா. யாரும் போக மாட்டாங்க" என்றார் அந்தப் பக்கத்தில் இருந்தவர்.

"அதான் கேக்குறேன்" என்றாள்.

மார்ச்சில் வேட்டை அனுமதிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது இடி விழுந்தது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எண் கேட்டார்கள். 1973-க்கு முன் பிறந்தவர்களிடம் விஸ்கான்சின் அதைக் கேட்பதில்லை, கொலராடோ கேட்கும். முப்பது வருடம் துப்பாக்கி சுமந்தவளிடம் அந்தக் காகிதம் இல்லை. விஷயம் டெல்மர் காதுக்குப் போனது.

"பன்னெண்டு வயசுப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காரப் போறியா? முழங்கால் இடிக்கும்டி!"

"இடிக்கட்டும்."

தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஆறு சாயங்காலம் முழங்கால் இடிக்கத்தான் உட்கார்ந்தாள். துப்பாக்கியை வேலிக்கு அப்பால் எப்படிக் கொடுப்பது என்று பிள்ளைகளோடு வரிசையில் நின்று செய்து காட்டினாள். தேர்வில் ஒரு கேள்விதான் தப்பு. ஜூனில் பெட்டை எல்க் ஒன்றை மட்டும் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு தபாலில் வந்தது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நாற்பது பவுண்டு உப்பு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, பனிச்சறுக்குக் குன்றில் ஏறி இறங்கினாள். ஊரே பார்த்தது. பார்க்கட்டுமே.

அக்டோபரில் ஆயிரத்துச் சொச்சம் மைல் ஓட்டிப் போனாள். முதல் இரண்டு நாள் தலைவலியும் வாந்தியும். மலை உயரத்தின் மெலிந்த காற்று அவளைப் படுக்கப் போட்டது. மூன்றாம் நாள் விடியலில் அந்தத் தாழ்ந்த இடத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கீழே சாலையில் வண்டிக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்தது எல்க். அவள் வட்டம் போட்ட அதே இடத்தில், நாற்பது அடி தூரத்தில், மூச்சில் புகை விட்டுக்கொண்டு நின்றது. கிடா. அவள் சீட்டு பெட்டைக்கு. விரலை விசையிலிருந்து எடுத்துக்கொண்டு பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. பின்னால் வந்த பெட்டைகள் நானூறு கஜத்துக்கு அப்பால் ஒதுங்கின. அத்தனை தூரத்தில் சுட்டுக் காயப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் நாள் வெறும் வண்டியோடு திரும்பினாள்.

நவம்பரில் சதுப்பின் கரையில் டெல்மர் வழக்கம்போல ஆளுக்கு ஓரிடம் பிரித்துக் கொடுத்தான்.

"லவான், நீ இறங்கு."

"நான் அந்தக் கரையில உக்காரப் போறேன். நீ இறங்கு."

மற்ற மூவரும் டெல்மரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு எல்க் கூட அடிக்காம வந்துட்டு, பேச்சைப் பாரு!"

"அடிக்கல. வரும்னு நான் சொன்ன இடத்துக்கு வந்துச்சு. எனக்காக யாரையும் தண்ணியில இறக்கிவிடல. முப்பது வருஷத்துல நீ அப்படி ஒண்ணு பாத்திருக்கியா? சொல்லு."

டெல்மர் மற்றவர்களைப் பார்த்தான். அவர்கள் அதற்குள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குக் கிளம்பியிருந்தார்கள். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் கால் வைத்தான். நாணலுக்குள் பத்தடி போனவன் நின்று திரும்பிப் பார்த்தான். பிறந்து வளர்ந்த இடம், அறுபது வயது, ஒருமுறைகூட உள்ளே நடந்ததில்லை.

"லவான், இதுல எந்தப் பக்கம் போகணும்?"

"நடந்து பாரு, தெரியும்" என்றாள் லவான். "எனக்கு மட்டும் யாரு சொன்னா?"