நெல் மூட்டைகளுக்கு நடுவே ராக் கேட்டவர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பிரான்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு சுரக்குடிக்குத் திரும்பியிருந்த என் மூத்தார் சிங்காரவேலு, அவர் மனைவி சரோஜா அக்கா, நெடுங்காட்டுப் பங்காளி தங்கையன், நான், மூத்தாரின் தம்பியான என் வீட்டுக்காரர்.

மூத்தார் போன வெள்ளிக்கிழமை இறந்துபோனார். தங்கையன் சைக்கிளில் வந்து சொன்னார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். காரியத்தன்று கொடுக்கிற நினைவு மலரில் எல்லோரும் அவருடைய ரசனையைப் பற்றி எழுதுகிறார்களாம். எழுதட்டும். அந்த ரசனைக்குத் தீனியாகப் போனது எங்கள் விதைநெல். அதையும் யாராவது எழுத வேண்டுமே.

எழுபதுகளில் அவர் வந்து இறங்கியபோது கூடவே ஒரு ரெக்கார்டு பிளேயரும், ஆம்பிளிபயரும், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும், ஒரே ராக் கோஷ்டியின் ஐந்து இசைத்தட்டுகளும் இறங்கின. தட்டை விளிம்பில் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குவார். பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் பதவிசை நான் பார்க்கவில்லை.

“இது கச்சேரியில புடிச்சதில்ல, ஸ்டுடியோவுல பதிஞ்சது. ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்” என்பார்.

“ஊசி விழுறதைக் கேக்கவா இம்புட்டு வயரு?” என்று சரோஜா அக்கா ஒருமுறை கேட்டுவிட்டார். அதற்கு மூத்தார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்.

எங்கள் கூடம் எதிரொலிக்கிறது என்பது அவருக்குப் பெரிய துக்கம். ஐப்பசி மழையில் நனைந்து வந்த குறுவை நெல்லை, விதைக்கென்று மூட்டை கட்டி அங்கே அடுக்கினோம். எதிரொலி நின்றுபோனது. மனிதர் குதிக்காத குறை.

“நெல்லு சத்தத்தைக் குடிக்குதுடா தம்பி! பாரிசுல இதுக்குன்னே பஞ்சு வச்சு ரூம் கட்டுறான்!”

மூட்டைகளைச் சுவரோரம் உயர அடுக்கவைத்தார். ஜன்னல்களைக் கம்பளியால் அடைத்தார்.

தை வெயில் வந்தது. ஈர நெல்லைக் களத்தில் காயப்போட்டாக வேண்டும்; இல்லையென்றால் மூட்டைக்குள்ளேயே சூடேறி முளை செத்துவிடும். மூத்தாரிடம் நான் நேராகப் பேசும் வழக்கமில்லை. “அக்கா, நெல்லை வெயில்ல போடணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க” என்றேன். “அஞ்சு தட்டையும் வரிசையா கேட்டு முடிச்சிடுறேன், அப்பறம் எடுத்துக்கங்க” என்று பதில் வந்தது. ஐந்தாவது முடிந்தால் ஊசியைத் துடைத்து மறுபடி முதல் தட்டை வைப்பார். எங்கே முடிப்பது?

நான் முதலில் சொன்ன அன்றைக்கு, தங்கையனுக்குப் போட்டுக் காட்டுவதற்காக எல்லோரையும் உட்காரவைத்திருந்தார். தகர ஷெட்டில் ஆலங்கட்டி மழை பெய்ததுபோல் ஒரு பாட்டு. என் வீட்டுக்காரர் பக்கத்து மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். சட்டென்று உருவினார். கையை முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

“அண்ணே…” என்று வாயெடுத்தார்.

மூத்தார் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். அவ்வளவுதான். இவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எல்லாம் புரிந்தவர்போல் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

கொல்லையில் மறித்துக் கேட்டேன். “நெல்லு சுடுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ சும்மா இரு.”

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஊறவைத்துக் கட்டிய விதையில் ஒரு முளை இல்லை. புளித்த வாடைதான் வந்தது. ஊர் முழுக்க நாற்றங்கால் பச்சை கட்டியிருக்க, எங்கள் நிலம் வெறும் சேறாகக் கிடந்தது. சொந்த நிலத்தைத் தாண்டிப் போய், அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டேன்.

மூத்தார் களத்துக்கு வந்தார். முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். “எனக்கு நெல்லைப் பத்தி என்னம்மா தெரியும்? கெட்டுப்போவுதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

என் வீட்டுக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூத்தாரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த விரல்தான். இன்று என் வீட்டில் யார் விரலைத் தூக்கினாலும் நான் பேச்சை நிறுத்துவதில்லை. மற்றபடி அவர்மேல் எனக்கு வழக்கில்லை. பட்டாளத்து ரொட்டி தின்ற மனிதர், நெல் சூடேறுவது அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வேன். இந்த மலரை அவரும் படிப்பார். படிக்கட்டும். நான் மன்னிக்காத ஆளின் பெயர் கலியமூர்த்தி.